மடவைச் சினை சாப்பிடலாமா? மீன் உயிரோடு இருந்தால் தண்ணீர் நல்லது என்று ஆகிவிடுமா?

திருவொற்றியூர்க்காரன் | ஞாயிறு, இரவு 9:10

இன்று காலை வழக்கமாக மீன் வாங்கும் அக்காவிடம் இரண்டு மடவை வாங்கினேன். எண்ணூர் ஆற்று மீன், விடியற்காலையில் வீச்சு வலையில் விழுந்தது என்றார். கூடையில் இன்னும் வாலை அடித்துக்கொண்டிருந்தது. வீட்டில் அம்மா அரிவாள்மனையில் வைத்து வயிற்றைக் கீறியதும் இரண்டு பக்கமும் சினை. விரல் நீளத்துக்கு, நல்ல மஞ்சள் நிறம், சிவப்பு நரம்பு ஓடும் மெல்லிய தோலுக்குள் ரவை ரவையாக இருந்தது. ஐப்பசி பிறந்தால் மடவை சினை கட்டும் என்று அம்மா வருடம் முழுக்கக் காத்திருப்பார். மஞ்சள் தூள், மிளகாய்த் தூள் தடவி எண்ணெயில் போட்டு எடுத்து, தங்கைக்கு என்று தனித் தட்டில் வைத்தார். தங்கைக்கு இப்போது ஏழாவது மாதம்.

எனக்கு மனசு கேட்கவில்லை. அந்த ஆற்றில் என்னென்ன வந்து சேர்கிறது என்பதைச் சின்ன வயதிலிருந்து பார்த்து வளர்ந்தவன் நான். வேண்டாமே என்றேன். தங்கையின் வீட்டுக்காரர் ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார்: "விஷம் இருந்தால் மீன் முதலில் செத்திருக்கும் மச்சான், இது துள்ளிக்கொண்டு வந்திருக்கிறது."

எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. தட்டு அப்படியே மூடி இருக்கிறது. தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

முத்தியால்பேட்டை | ஞாயிறு, இரவு 9:32

எங்கள் வீட்டிலும் இதே பேச்சுதான். கூவத்தில் ஜிலேபி மீன் துள்ளுகிறது, அப்படியானால் கூவம் நல்ல தண்ணீரா? துள்ளுவதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது என்று மட்டும் தெரிகிறது. ஏன் என்று எனக்கும் சொல்லத் தெரியாது.

நீலாங்கரை டீச்சர் | ஞாயிறு, இரவு 10:45

கல்லூரியில் விலங்கியல் சொல்லிக்கொடுத்தவள் என்ற முறையில் எழுதுகிறேன். தம்பி, உங்கள் மாப்பிள்ளை கேட்டது நல்ல கேள்வி. வளர்ந்த மீன் சாகவில்லை என்பது உண்மை. ஆனால் இந்த வகை விஷம் வளர்ந்த மீனைக் கொல்வதற்கு முன்பே வேறு இடத்தில் வேலையைக் காட்டிவிடும். அந்த இடம் உங்கள் வீட்டுத் தட்டில் இருக்கும் அந்தச் சினைதான்.

ஆற்றில் கலக்கிற பலவற்றை வெயிலும் நுண்ணுயிர்களும் கொஞ்ச நாளில் சிதைத்துவிடும். சிலவற்றைச் சிதைக்க முடியாது. பழைய டிரான்ஸ்ஃபார்மர் எண்ணெயில் இருந்த பிசிபி, கொசுவுக்கும் பயிருக்கும் அடித்த டிடிடி, குப்பை எரியும்போது தானாக உண்டாகிற டயாக்சின், ஒட்டாத தவாவிலும் தீயணைப்பு நுரையிலும் இருக்கிற பிஃபாஸ். பிசிபி, டிடிடி, டயாக்சின் மூன்றுக்கும் ஒரே குணம்: தண்ணீர் பிடிக்காது, கொழுப்பு பிடிக்கும். அதனால் தண்ணீரில் அதிகம் நிற்காமல் சேற்றில் போய் உட்காரும். சேற்றைப் புழு தின்னும், புழுவை மீன் தின்னும். மடவை சேற்றையே வாயில் அள்ளி வடிகட்டித் தின்கிற மீன், அது உங்களுக்கே தெரியும்.

இனி சினைக்கு வருவோம். சினை கட்டும் காலத்தில் தாய் மீனின் ஈரல் வைட்டலோஜெனின் என்ற ஒரு புரதத்தைச் செய்யும். அது தாயின் உடம்பில் சேர்ந்திருக்கும் கொழுப்பை எடுத்துக்கொண்டு இரத்தத்தில் ஏறி முட்டைக்குள் போய் மஞ்சள் கருவாக மாறும். அதாவது தாய் வருடக்கணக்கில் சேர்த்து வைத்ததை ஓரிரு மாதத்தில் பிள்ளைகளுக்குப் பிரித்துக் கொடுத்துவிடுகிறாள். கொழுப்போடு ஒட்டியிருந்த விஷமும் அதே வழியில் போகிறது. பொரிந்த குஞ்சுக்கு முதல் சில நாள் சாப்பாடு அந்த மஞ்சள் கரு மட்டும்தான். இதயமும் முதுகுத்தண்டும் உருவாகிற நேரம் அது. பெரிய உடம்பு தாங்குகிற அளவை அந்தக் குஞ்சு தாங்காது.

இது எங்கோ நடந்தும் இருக்கிறது. வட அமெரிக்காவின் ஒன்டாரியோ ஏரியில் ஏரி ட்ரவுட் என்ற மீன் 1960 வாக்கில் இயற்கையாக இல்லாமலே போனது. அதிகமாகப் பிடித்ததும், லாம்ப்ரே என்ற உறிஞ்சும் மீன் பெருகியதும் காரணங்கள். பிறகு பண்ணையில் வளர்த்த குட்டிகளைக் கொண்டுவந்து விட்டார்கள். அவை வளர்ந்தன, நீந்தின, முட்டையும் போட்டன. ஆனால் அந்த முட்டையிலிருந்து பிழைத்து வந்த குஞ்சை ஏரியில் 1986 வரைக்கும் யாரும் பார்க்கவில்லை. குஞ்சின் மஞ்சள் கருப்பை நீர் கோத்து நீலமாக வீங்கும், கொஞ்ச நாளில் குஞ்சு செத்துவிடும். நீலப்பை நோய் என்று பெயர். டயாக்சின் வகை விஷம் முட்டையில் ஒரு கிராமுக்குச் சில பத்து பிகோகிராம் இருந்தாலே இது தொடங்கிவிடும். ஒரு கிராமை லட்சம் கோடியாகப் பிரித்தால் அதில் ஒரு பங்குதான் ஒரு பிகோகிராம்.

அங்கே பெரிய மீனைப் பிடித்துப் பார்த்தவர்கள் எல்லாரும் உங்கள் மாப்பிள்ளை சொன்னதையேதான் சொல்லியிருப்பார்கள்.

கொளத்தூர் தொட்டி | ஞாயிறு, இரவு 11:20

டீச்சர், நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டு எனக்குத் தூக்கம் போய்விட்டது. கொளத்தூரில் பல வருடமாக வண்ணமீன் குஞ்சு எடுக்கிறேன். நான்கு வருடம் முன்பு நடந்த ஒன்று இன்னும் மனசில் உறுத்திக்கொண்டே இருக்கிறது.

அப்போது தாய் மீனுக்கு டியூபிஃபெக்ஸ் புழு போடுவேன். ஒருவர் கால்வாய் ஓரச் சாக்கடையிலிருந்து அள்ளி, அலசிக் கொண்டுவந்து தருவார். விலை குறைவு, மீன் விழுந்து விழுந்து தின்னும். ஒரு ஜீப்ரா மீன் கூட்டத்துக்கு அதையே ஒரு பருவம் முழுக்கப் போட்டேன். தாய் மீன்கள் கொழுகொழு என்று இருந்தன. முட்டையும் நிறைய, குஞ்சும் பெரும்பாலும் பிழைத்தது. எனக்குப் பெரிய சந்தோஷம், அந்தக் குஞ்சுகளிலிருந்தே அடுத்த ஜோடிகளைத் தேர்ந்தெடுத்தேன்.

சிக்கல் அங்கேதான் வந்தது. அந்தக் குஞ்சுகள் மூன்று மாதத்தில் வளர்ந்து முட்டை போட்டபோது, காலையில் வலைத்தட்டைத் தூக்கிப் பார்த்தால் பாதிக்கு மேல் முட்டை வெளுத்துக் கிடக்கும். நல்ல முட்டை கண்ணாடி மாதிரி இருக்கும், உள்ளே ஒரு புள்ளி அசையும். இது சுண்ணாம்பு போட்ட மாதிரி இருந்தது. மெத்திலீன் ப்ளூ மருந்து போட்டேன், தண்ணீர் மாற்றினேன், ஒன்றும் கேட்கவில்லை. பிழைத்த கொஞ்சத்திலும் முதுகு கோணிய குஞ்சுகள். அந்த வழியையே விட்டுவிட்டேன், புழு வாங்குவதையும் நிறுத்திவிட்டேன். பெற்றவர்களுக்கு ஒன்றும் ஆகாமல் பேரப்பிள்ளைகளுக்கு எப்படி ஆகும் என்று அன்றைக்கும் புரியவில்லை. இதுதானா அது?

நீலாங்கரை டீச்சர் | திங்கள், காலை 6:15

கொளத்தூர் தம்பி, உங்கள் தொட்டியில் நடந்ததற்கு இதுதான் காரணம் என்று நான் சொன்னால் அது பொய். ஒரே கூட்டத்துக்குள் அண்ணன் தங்கையை ஜோடி போட்டாலும் முதுகு கோணும், முட்டை வெளுக்கும். ஒரு தொட்டியை வைத்து முடிவு கட்ட முடியாது. ஆனால் நீங்கள் சொன்ன வரிசை, அதாவது முதல் தலைமுறை நன்றாக இருந்து அடுத்ததில் தெரிவது, ஆய்வகத்தில் சுத்தமாகப் பிரித்துப் பார்த்த ஒன்று. அதுவும் உங்கள் ஜீப்ராவிலேயே.

அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் ஜீப்ரா குஞ்சுகளை மூன்றாவது வாரம் ஒரு மணி நேரம், ஏழாவது வாரம் ஒரு மணி நேரம், மிகக் குறைந்த அளவு டயாக்சின் கலந்த நீரில் விட்டார்கள். அவ்வளவுதான். பிறகு வாழ்நாள் முழுக்க நல்ல தண்ணீர். 2014ல் முடிவு வந்தது. அந்த மீன்களின் பிள்ளைகளிலும் பேரப்பிள்ளைகளிலும் பெண்கள் அதிகம், முட்டை குறைவு, கரு தரிப்பது குறைவு, முதுகெலும்பில் கோணல். விஷம் பட்ட வம்சத்து ஆணை வெளியிலிருந்து கொண்டுவந்த நல்ல பெண்ணோடு விட்டபோதும் கரு தரிப்பது குறைந்தே இருந்தது. ஆக, தகப்பன் வழியாகவும் போகிறது.

பேரப்பிள்ளை என்பதில் ஒரு முக்கியமான கணக்கு இருக்கிறது. பாட்டி மீன் விஷத்தில் நீந்தும்போது அவள் வயிற்றில் இருக்கும் முட்டை அணுக்களும் கூடவே நனைகின்றன. அதனால் மகளுக்கு வருவதை நேரடிப் பாதிப்பு என்றே வைத்துக்கொள்ளலாம். பேத்திதான் அந்த விஷத்தைக் கண்ணால் பாராதவள். அவளுக்கும் வருகிறது என்றால் மஞ்சள் கருவைத் தாண்டி வேறு ஏதோ ஒன்று கைமாறுகிறது.

கர்ப்பப்பையில் குழந்தையைச் சுமக்கிற நமக்கு இந்தக் கணக்கு ஒரு படி தள்ளிப் போகும். ஏழு மாதக் கர்ப்பிணியின் வயிற்றில் பெண் குழந்தை இருந்தால், அந்தக் குழந்தையின் முட்டை அணுக்கள் ஏற்கெனவே உருவாகிவிட்டன. மூன்று தலைமுறை ஒரே உடம்பில் உட்கார்ந்து சாப்பிடுகிறது. தங்கையைப் பயமுறுத்த இதைச் சொல்லவில்லை, ஏன் இவ்வளவு கவனமாகப் பேசுகிறேன் என்று புரியட்டும் என்றுதான்.

முத்தியால்பேட்டை | திங்கள், காலை 8:02

தகப்பன் வழியாக எப்படி டீச்சர்? தாய் கொடுப்பது மஞ்சள் கரு, சரி. ஆண் மீன் கொடுப்பது ஒரு துளி விந்து. அதில் எவ்வளவு விஷம் ஒட்டியிருக்க முடியும்?

நீலாங்கரை டீச்சர் | திங்கள், மதியம் 1:30

ஒட்டியிருப்பது விஷம் இல்லை, அது போட்ட குறி.

மளிகைச் சிட்டையை நினைத்துக்கொள்ளுங்கள். அரிசி, பருப்பு, புளி என்று எழுதியது எழுதியபடி இருக்கிறது. ஆனால் எதற்குப் பக்கத்தில் பென்சிலால் கோடு போட்டிருக்கிறதோ அதைக் கடைக்காரர் எடுத்துக் கட்ட மாட்டார். மரபணுவிலும் எழுத்து மாறாமல் மெத்தில் என்ற சின்ன வேதிக்குறி ஏறும், இறங்கும். எந்த மரபணு எப்போது விழிக்க வேண்டும், எது தூங்க வேண்டும் என்பதில் அதற்குப் பங்கு உண்டு. நம்மைப் போன்ற பாலூட்டிகளில் கரு உண்டானதும் இந்தக் குறிகளில் பெரும்பகுதி அழிந்து புதிதாக எழுதப்படும். ஜீப்ரா மீனில் அப்படி இல்லை. தகப்பன் கொடுத்த குறிகள் அப்படியே நிற்கும், தாய் கொடுத்தவை தகப்பனுடையதைப் பார்த்துத் திருத்திக்கொள்ளும். இதை 2013ல் கண்டுபிடித்தார்கள். ஆகவே விந்தணுவில் தவறாக விழுந்த குறி அடுத்த தலைமுறைக்குப் போக மீனில் வழி திறந்தே இருக்கிறது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஜப்பானிய மெடாக்கா மீனில் 2015ல் வந்த ஆய்வு. கருவாக இருக்கும் முதல் ஏழு நாள் மட்டும் பிபிஏ என்ற பிளாஸ்டிக் வேதிப்பொருள் பட்டது. பட்ட மீனுக்கும் அதன் பிள்ளைக்கும் வெளியே தெரிகிற குறை எதுவும் இல்லை. பேரப்பிள்ளைகளில் கரு தரிப்பது 30 விழுக்காடு குறைந்தது, அதற்கடுத்த தலைமுறையில் கருக்கள் பிழைப்பதும் குறைந்தது. பிபிஏ நிலைத்து நிற்கும் வகை இல்லை, சில நாளில் சிதைந்துவிடும். ஆனால் நம் ஊர்க் கால்வாய்களில் தினமும் புதிதாக வந்து விழுகிற பொருள் சிதைந்தால் என்ன, சிதையாவிட்டால் என்ன, மீனுக்கு இரண்டும் ஒன்றுதான்.

ஆய்வகத்தில் சுத்தமாகத் தெரிந்தது ஆற்றிலும் அதே அளவில் நடக்கிறது என்று நான் சொல்ல மாட்டேன். ஆற்றில் வெப்பம், உப்பு, பட்டினி, பிற விஷங்கள் எல்லாம் சேர்ந்து வரும். பிரித்துப் பார்ப்பது மிகக் கடினம்.

முகத்துவாரம் | திங்கள், இரவு 7:40

இவ்வளவு நேரம் படித்துக்கொண்டிருந்தேன். நான் எண்ணூர்ப் பக்கம் வலை போடுகிறவன். என் அப்பா, தாத்தா எல்லாரும் இதே ஆற்றில்தான். ஒன்று கேட்கிறேன், கோபப்பட வேண்டாம்.

இப்படி நான்கு பேர் எழுதினால் எங்கள் வீட்டுப் பெண்கள் கூடையோடு திரும்பி வருவார்கள். 2023 டிசம்பர் வெள்ளத்தில் எண்ணெய் வந்தபோது பார்த்தோம். வலை, படகு, கை, கால் எல்லாம் தார். எண்ணெயைக் கையால் அள்ளியதும் நாங்கள்தான். அதற்குப் பிறகு எத்தனையோ நாள் எண்ணூர் மீன் என்றாலே ஆள் வாங்கவில்லை. கடலில் பிடித்ததைக்கூட ஆற்று மீனா என்று கேட்டுவிட்டுப் போனார்கள். விஷத்தை விட்டவன் யாரோ, விலை கிடைக்காமல் நிற்பது நாங்கள்.

நாங்களும் அதைத்தான் சாப்பிடுகிறோம். என் பிள்ளைகளும் அதைத்தான் சாப்பிட்டு வளர்ந்தார்கள்.

அப்புறம், மீன் குறையவில்லை என்று யாரும் சொல்ல முடியாது. முன்பு வற்றத்தில் இறங்கிக் கையால் தடவியே இறால் எடுப்போம், இடுப்பில் கட்டிய பறி நிறையும். இப்போது காலுக்குக் கீழே அனல்மின் நிலையத்துச் சாம்பல் சேறு. மடவை வருகிறது, ஆனால் குட்டி வருவது முன் மாதிரி இல்லை. காரணம் ஒன்றா, பத்தா, எனக்குத் தெரியாது. டீச்சர் சொன்னது போல் முட்டையிலேயே போகிறது என்றால், நாங்கள் பிடித்துக் குறைத்துவிட்டோம் என்று எங்களைத் திட்டுகிறவர்கள் அதையும் கொஞ்சம் கேட்கட்டும்.

நீலாங்கரை டீச்சர் | திங்கள், இரவு 9:05

அண்ணே, கோபப்பட என்ன இருக்கிறது. நீங்கள் சொன்னதை நான் முதலிலேயே எழுதியிருக்க வேண்டும்.

எண்ணெய் பற்றி ஒன்று. 1989ல் அலாஸ்காவில் ஒரு டேங்கர் கப்பல் பாறையில் தட்டி எண்ணெய் கொட்டியது. அதற்குப் பிறகு செய்த சோதனையில், முட்டையாக இருக்கும்போது மிகக் குறைந்த அளவு எண்ணெய் பட்ட சால்மன் குஞ்சுகள் பார்க்க நன்றாகவே இருந்தன. எண்ணிக் கடலுக்கு அனுப்பினார்கள். வளர்ந்து திரும்பி வந்தவை, எண்ணெய் படாத குஞ்சுகளைவிடக் குறைவு. இதயம் சரியாக அமையாததால் நீந்தும் பலம் குறைந்தது என்று பின்னால் தெரிந்தது. குட்டி வருவது குறைந்தது என்று நீங்கள் சொன்னதும் எனக்கு இதுதான் நினைவுக்கு வந்தது.

சாம்பல் வேறு கதை. அதில் வருவது கன உலோகங்கள், அதற்குத் தனியாகவே எழுத வேண்டும்.

கிண்டி நிலையம் | திங்கள், இரவு 10:20

எல்லாம் சரி, ஆனால் இயற்கை இதற்கு வழி கண்டுபிடிக்காதா? அமெரிக்காவில் விஷத்துக்குப் பழகிய மீன் இருக்கிறது என்று எங்கோ படித்தேன். நம் ஆற்று மீனும் பழகியிருக்கலாமே. கூவத்து ஜிலேபி பழகியதுதானே?

நீலாங்கரை டீச்சர் | செவ்வாய், காலை 6:00

பழகியது உண்மை. இந்த விஷயத்தில் என்னை மிகவும் கலங்க வைத்ததும் அதுதான். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன்.

அமெரிக்காவின் கிழக்குக் கரையில் கில்லி என்ற விரல் நீள மீன் உண்டு. நம் எண்ணூர் மாதிரியான முகத்துவாரச் சேற்று மீன். நியூ பெட்ஃபோர்டு, பிரிட்ஜ்போர்ட், நியூவார்க், எலிசபெத் ஆறு என்று நான்கு இடம், பல பத்தாண்டு ஆலைக்கழிவு சேர்ந்தவை. மற்ற இடத்துக் கில்லியைக் கொல்லும் அளவைப் போல 8,000 மடங்கு வரை அங்குள்ளவை தாங்குகின்றன. 2016ல் அவற்றின் மரபணுவை முழுதாகப் படித்தார்கள். டயாக்சினும் பிசிபியும் செல்லுக்குள் போய்ப் பிடித்துக்கொள்ளும் ஒரு கொக்கி இருக்கிறது, ஏஎச்ஆர் என்பார்கள். நான்கு இடத்திலும் அந்தக் கொக்கியும் அதைச் சேர்ந்த பாகங்களும் மழுங்கியிருந்தன.

ஹட்சன் ஆற்றில் டாம்காட் என்ற மீனுக்கும் இதே கதை. 1947 முதல் 1977 வரை முப்பது வருடம் இரண்டு ஆலைகளிலிருந்து சுமார் 590 டன் பிசிபி அந்த ஆற்றில் கலந்தது. 2011ல் பார்த்தபோது அங்குள்ள டாம்காட்டின் கொக்கியில் இரண்டு அமினோ அமிலங்கள் காணாமல் போயிருந்தன. அதனால் விஷம் சரியாகப் பிடிக்கவில்லை.

இதைப் 'பழகியது' என்று சொல்லும்போது ஒரு மீன் மெல்ல மெல்லப் பழகிக்கொண்டது போல் கேட்கிறது. நடந்தது அப்படி இல்லை. கொக்கி மழுங்கிப் பிறந்த சில மீன்கள் எப்போதுமே கூட்டத்தில் இருந்தன. மற்றவை தலைமுறை தலைமுறையாக முட்டையிலேயே செத்தன. இன்றைக்கு இருப்பவை அந்தச் சிலதின் பிள்ளைகள். கில்லிக்கு இது முடிந்தது, ஏனென்றால் அது கோடிக்கணக்கில் இருக்கிற மீன், அதற்குள் மரபணு வேறுபாடு ஏராளம். அந்த அளவு கையிருப்பு எல்லா மீனுக்கும் கிடையாது.

பிழைத்ததற்கும் ஒரு விலை உண்டு. எலிசபெத் ஆற்றுக் கில்லியின் குஞ்சுகளைச் சுத்தமான நீரில் வளர்த்துப் பார்த்தபோது மற்ற குஞ்சுகளைவிடக் குறைவாகவே பிழைத்தன. நீரில் ஆக்சிஜன் குறைந்தால் மற்றவற்றைவிட முதலில் துவண்டன. நம் அடையாறு முகத்துவாரத்தில் முதல் மழை வந்து சாக்கடை ஒரேயடியாக இறங்கும்போது ஆக்சிஜன் குறைந்து மீன் மிதக்குமே, அந்தக் காட்சியை நினைத்துப் பாருங்கள்.

மடவைக்கு இந்த வழியும் இல்லை என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. கில்லி பிறந்த இடத்தை விட்டு அதிகம் நகராது. மடவை முட்டை போடக் கடலுக்குப் போகும். எண்ணூர் மடவையும் பழவேற்காட்டு மடவையும் கடலில் கலந்து போட்ட குஞ்சுகள்தான் திரும்ப எந்த முகத்துவாரம் திறந்திருக்கிறதோ அதற்குள் ஏறும். எண்ணூருக்கென்று தனி வம்சம் உருவாக இடமே இல்லை. ஒவ்வொரு வருடமும் புதுக் குஞ்சு வந்து, அதே சேற்றைத் தின்று, சினையில் ஏற்றிக்கொண்டு கடலுக்குப் போகிறது. நீங்கள் ஞாயிற்றுக்கிழமை பார்த்தது அப்படிப் போகக் கிளம்பிய ஒரு தாய்.

இன்னொன்று. விஷம் தாங்கும் மீன் விஷத்தை அழிப்பதில்லை, சுமக்கிறது. செத்துப் போக வேண்டிய மீன் சாகாமல் கொழுத்து, தன்னைத் தின்பவருக்கு அதை அப்படியே கொடுக்கிறது. தின்பது கொடுவாயாக இருக்கலாம், கொக்காக இருக்கலாம், நாமாகவும் இருக்கலாம். துள்ளுவதைப் பார்த்து வாங்கினேன் என்பவருக்கு இதைச் சொல்லுங்கள்.

கிண்டி நிலையம் | செவ்வாய், காலை 9:15

நான் கேட்டதன் அர்த்தமே இப்போதுதான் எனக்குப் புரிகிறது. நன்றி டீச்சர். சென்னையில் இதெல்லாம் உண்மையாகவே அளந்திருக்கிறார்களா?

நீலாங்கரை டீச்சர் | செவ்வாய், மதியம் 2:10

அளந்திருக்கிறார்கள், போதாது. பெருங்குடி குப்பைமேட்டைச் சுற்றி வாழ்ந்த பெண்களின் தாய்ப்பாலில் டயாக்சின் வகைகள் இருப்பதை ஜப்பானின் எஹிமே பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து செய்த ஆய்வு 2004ல் வெளியிட்டது. குப்பைமேட்டில் மேய்ந்த மாடுகளின் பால் ஒரு வழியாக இருக்கலாம் என்று அதில் சொன்னார்கள். குப்பை, மாடு, பால், தாய், குழந்தை. மீனில் நான் சொன்ன அதே பாதை. பிஃபாஸ் பற்றி ஐஐடி மெட்ராஸ் ஆராய்ந்தபோது அடையாற்றிலும், பக்கிங்காம் கால்வாயிலும், குடிநீர் எடுக்கிற செம்பரம்பாக்கம் ஏரியிலுமே இருப்பது தெரிந்தது.

சட்டம் இருக்கிறது. இப்படிச் சிதையாத விஷங்களைத் தடுக்கிற ஸ்டாக்ஹோம் ஒப்பந்தத்தை இந்தியா 2006ல் ஏற்றது. 2016ல் பிசிபி ஆணை வந்தது, 2025 டிசம்பர் 31க்குப் பிறகு எந்த வடிவிலும் பயன்படுத்தக் கூடாது என்று. ஆனால் சேற்றில் ஏற்கெனவே உட்கார்ந்திருப்பதற்கு ஆணை தெரியாது. ஆற்றைத் தூர்வாரும்போது அந்தச் சேறு எங்கே போய்க் கொட்டப்படுகிறது என்பதை யாராவது கவனிக்க வேண்டும். என் பெரிய கவலை அதுதான்.

திருவொற்றியூர்க்காரன் | செவ்வாய், இரவு 8:30

டீச்சர், எல்லாவற்றையும் அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். அம்மா கேட்டது ஒன்றுதான்: "அப்போ மீனே கொடுக்கக் கூடாதா பிள்ளைத்தாச்சிக்கு?"

நீலாங்கரை டீச்சர் | செவ்வாய், இரவு 9:00

கட்டாயம் கொடுக்கச் சொல்லுங்கள். குழந்தையின் மூளை வளர்ச்சிக்கு மீன் உதவும். நெத்திலி, மத்தி, காரப்பொடி மாதிரியான சின்னக் கடல் மீன் நல்லது, சீக்கிரம் வளர்ந்து சீக்கிரம் முடியும் மீனில் சேர நேரம் இருக்காது. பெரிய சுறா வேண்டாம். கழிமுகத்து மீனாக இருந்தால் சினை, ஈரல், தலை, வயிற்றுக் கொழுப்பு நான்கையும் கர்ப்பிணிக்கும் சின்னக் குழந்தைக்கும் தவிர்க்கலாம். தோலை எடுத்துவிட்டு, கொழுப்பு வடியும்படி சுட்டால் பிசிபி ஓரளவு குறையும். பிஃபாஸ் கொழுப்பில் ஒட்டாமல் இரத்தத்திலும் ஈரலிலும் நிற்பதால் அதற்கு இந்த வழி உதவாது.

தங்கை இதுவரை சாப்பிட்டதற்காக அம்மா மனசு உடைய வேண்டாம். ஒரு தட்டு சினையால் ஒன்றும் ஆகிவிடாது. இது வருடக்கணக்கில் சேர்கிற விஷயம்.

முகத்துவாரம் | செவ்வாய், இரவு 9:50

டீச்சர், கொடுக்காதே என்று சொல்வது சுலபம். எங்கள் ஆற்று மடவையில் உண்மையாகவே எவ்வளவு இருக்கிறது என்று யார் சொல்வது? குறைவாக இருந்தால் எங்கள் பெண்கள் கூடையை நிமிர்ந்து தூக்கலாம். அதிகம் இருந்தால் அந்தக் காகிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு நாங்கள் நஷ்டஈடு கேட்கலாம். இரண்டில் எதுவானாலும் எங்களுக்குத் தெரிய வேண்டும். சினையை எங்கே கொடுத்துப் பார்ப்பது?

நீலாங்கரை டீச்சர் | செவ்வாய், இரவு 10:30

அண்ணே, இந்த இழையில் வந்ததிலேயே நல்ல கேள்வி இதுதான். இந்தப் பரிசோதனைக்குச் செலவு அதிகம், சாதாரண லேபில் செய்ய முடியாது. என்னோடு வேலை பார்த்த ஒருவர் இப்போது அந்த வசதி உள்ள ஆய்வகத்தில் இருக்கிறார். இன்று மாலை பேசினேன். மாதிரி சரியாக எடுத்துக் கொடுத்தால் பார்க்கலாம் என்றார். ஒரு மீன் போதாது. எண்ணூரில் பிடித்தவை ஒரு பத்து, பழவேற்காட்டில் பிடித்தவை ஒரு பத்து, இரண்டும் ஒரே அளவில், சினையோடு. பிசிபி பார்ப்பதற்கு அலுமினியத் தாளில் சுற்ற வேண்டும், பிளாஸ்டிக் கவர் கூடாது. பிஃபாஸ் பார்ப்பதற்கு ஆய்வகம் தருகிற பிளாஸ்டிக் டப்பா. இரண்டையும் பிடித்த உடனே ஐஸில் வைக்க வேண்டும். எந்த இடம், எந்தத் தேதி, என்ன வலை என்று ஒவ்வொன்றுக்கும் சீட்டு எழுத வேண்டும்.

கொளத்தூர் தொட்டி | செவ்வாய், இரவு 10:48

ஐஸ் பெட்டி, தெர்மாகோல், டப்பா எல்லாம் என்னிடம் இருக்கிறது. மீன் அனுப்ப வைத்திருப்பதுதான். வண்டியும் நானே கொண்டுவருகிறேன். பழவேற்காட்டில் எனக்குத் தெரிந்தவர் இருக்கிறார், அவரிடம் பேசுகிறேன்.

முகத்துவாரம் | செவ்வாய், இரவு 11:05

அமாவாசை வருகிறது, ஓதம் நன்றாக ஏறும். இறங்கும் தண்ணீரில் கடலுக்குப் போகிற மடவை கூட்டமாக வரும். விடிவதற்கு முன்னால் நான்கு மணிக்கு வாருங்கள் தம்பி. வயிற்றைத் தடவிப் பார்த்தே சினை இருப்பதாகப் பொறுக்கி வைக்கிறேன். தாளை மட்டும் மறக்காதீர்கள்.